சாவி தொலைந்தால் ஆளைத் தேடாதீர், பூட்டை மாற்றுவீர்



நமது இதழில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதுகிறோம். உரிமக் கட்டணம் பற்றியும், உணவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும், எடைக்கல் முத்திரை பற்றியும் எழுதுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில் கடையைத் திறப்பதற்கு வேண்டியது சாவி. அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு சாவிக் கொத்தைத் தொலைத்து, அதனால் பூட்டைவிடப் பெரிய ஒன்றை இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இளைய வணிகர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1996-ஆம் ஆண்டு. கடலூர் முதுநகரில் எங்களுக்கு மணிலா, தானிய மண்டி. ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல் நாள் சிதம்பரத்தில் தேர். என் மனைவியின் தம்பிக்கு அங்கே மேலவீதியில் மளிகைக் கடை. குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய்த் தேர் பார்த்துவிட்டு, மைத்துனர் கடையில் சற்று நேரம் உட்கார்ந்து கணக்கு வழக்கு பேசிவிட்டு, இரவு கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு எண்ணெய் ஆலைக்குப் போக வேண்டிய லாரி கிட்டங்கி வாசலில் நிற்கிறது. சுமை தூக்கும் தொழிலாளர்கள் எட்டுப் பேர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சாவிக் கொத்தைக் காணோம்.

வீட்டைப் புரட்டிப் போட்டோம். கிடைக்கவில்லை. கொத்தில் கிட்டங்கிச் சாவி, மண்டிச் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி மூன்றும் இருந்தன. மண்டியில் கிள்ளைப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். வயது பத்தொன்பது. இரவில் மண்டித் திண்ணையிலேயே படுப்பான். தினமும் என் கையிலிருந்து சாவியை வாங்கிக் கதவைத் திறப்பவன் அவன்தான். "நீ பாத்தியாடா?" என்று கேட்டேன். "இல்லீங்க அய்யா" என்றான். அதோடு விட்டிருக்க வேண்டும். "உன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கிட்டு வா" என்றேன். அத்தனை தொழிலாளர்கள் முன்னிலையில் அவன் பெட்டியைத் திறந்து, இரண்டு சட்டையையும் ஒரு போர்வையையும் உதறிக் காட்டினான். சாவி இல்லை. பூட்டை அரத்தால் அறுத்து லாரியில் பாரம் ஏற்றி அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தகப்பனார் வந்தார். "அய்யா, எம் புள்ள எடுத்திருந்தா நானே கொண்ணாந்து குடுத்திருப்பேங்க. அவன் தொட்டிருக்க மாட்டாங்க" என்றார். "நான் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றேன். உண்மைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அன்று மாலையே பையனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து ஆயுத பூஜைக்குச் சிதம்பரம் கடையை ஒட்டடை அடித்தபோது, பேரேடுகள் அடுக்கியிருந்த பலகைக்குப் பின்னால் சாவிக் கொத்து கிடந்தது. மைத்துனர் போன் செய்தார். "மாமா, உங்க கொத்து எங்க கடையிலதான் கெடக்குது" என்றார். கணக்குப் பேசியபோது நானே மடியிலிருந்து எடுத்து அங்கே வைத்திருக்கிறேன்.

மறுநாளே கிள்ளைக்குப் போனேன். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். தகப்பனார் மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "பரவால்லீங்க அய்யா, கெடச்சுதே, அது போதும்" என்றார். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். பையன் திரும்பி வரவில்லை. மண்டிக்குப் பிறகு எத்தனையோ ஆட்கள் வந்தார்கள். அவனைப் போல் மூட்டை எண்ணிக்கையை மனத்தில் வைத்திருப்பவன் ஒருவனும் வரவில்லை.

அன்று நான் செய்த தவறு என்ன? சாவியை மறந்து வைத்தது பெரிய தவறு அல்ல. மனிதன் மறப்பான். அந்த நேரத்தில் எனக்குள் எழுந்த கேள்விதான் தவறு. "யார் எடுத்திருப்பார்கள்?" என்று கேட்டேன். "இந்தச் சாவி இனிமேல் எந்தப் பூட்டையும் திறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்க வேண்டும். பூட்டை அன்றைக்கே மாற்றிவிட்டால், தொலைந்த சாவி யார் கையில் இருந்தாலும் அது வெறும் இரும்புத் துண்டு. பிறகு எவன் மேலும் சந்தேகப்பட அவசியம் இல்லை. பூட்டு விலையை மிச்சம் பிடிக்க நினைக்கிறபோதுதான், கடை ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பிக்கிறோம். சில நூறு ரூபாய்ப் பூட்டுக்காக ஒரு நல்ல ஆளை இழப்பது என்ன வியாபாரம்?

"அப்படியானால் எடுத்தவனை விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். சரக்கோ பணமோ குறைந்திருந்தால் காவல் நிலையம் இருக்கிறது, புகார் கொடுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை. சாவி மட்டும் காணாமல் போனால், தொலைத்தது நாமாகவே இருக்கலாம் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

சாவியைக் காணோம் என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கடை வாசலை விட்டு எல்லோரும் தேடப் போய்விடக் கூடாது. நம்பிக்கையான ஒருவர் வாசலிலேயே இருக்க வேண்டும். சாவி யார் கையிலாவது சிக்கியிருந்தால், கடையில் ஆள் இல்லாத நேரம்தான் ஆபத்து.

இரண்டாவது, கடைசியாகச் சாவியை எதற்குப் பயன்படுத்தினோம் என்பதிலிருந்து பின்னோக்கி நினைத்துப் பார்க்க வேண்டும். போன இடங்களுக்கெல்லாம் போனில் கேட்க வேண்டும். அன்று சிதம்பரத்துக்கு ஒரு டிரங்கால் போட்டுப் பேரேட்டுப் பலகையைப் பார்க்கச் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மூன்றாவது, மாற்றுச் சாவி இருந்தால் அதைக் கொண்டு திறக்கலாம். திறந்தாலும், அன்று மாலைக்குள் பூட்டை மாற்றியே ஆக வேண்டும். மாற்றுச் சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அப்போது தொலைந்த சாவிக்கும் கதவு திறக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான்காவது, மாற்றுச் சாவி இல்லாமல் பூட்டை அறுக்கவோ உடைக்கவோ நேர்ந்தால், பக்கத்துக் கடைக்காரர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு செய்யுங்கள். நேரத்தையும் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உள்ளே போனதும் சரக்கு இருப்பையும் கல்லாவையும் அவர்கள் முன்னிலையிலேயே சரிபாருங்கள். பின்னால் எந்தப் பேச்சு எழுந்தாலும் அந்தத் தாள் பேசும்.

ஐந்தாவது, இரும்புப் பெட்டிச் சாவி தொலைந்தால் தெருவில் போகிற பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டாம். பெட்டியைச் செய்த கம்பெனியின் ஆளை வரவழையுங்கள். பெட்டி வாங்கியபோது வந்த எண்களையும் ரசீதையும் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் வேலை சுலபம்.

ஆறாவது, காவல் நிலையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் அதில் சந்தேகமாக எழுத வேண்டாம். இன்ன நாளில், இன்ன சாவிகள் தொலைந்தன, பூட்டுகளை மாற்றிவிட்டோம் என்று எழுதினால் போதும்.

இன்சூரன்ஸ் பத்திரத்தைப் படியுங்கள்

இந்த விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. கடைக்குக் கொள்ளை இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம், எது போனாலும் வந்துவிடும் என்று இருக்கிறோம். வழக்கமான கொள்ளைக் காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை உண்டு. முதலாளிக்குச் சொந்தமான சாவியையோ அதன் மாற்றுச் சாவியையோ கொண்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்துப் போனால், அதற்கு நஷ்டஈடு கிடையாது. அந்தச் சாவியை அடித்தோ மிரட்டியோ பிடுங்கியிருந்தால்தான் கிடைக்கும்.

அதுபோலவே பலவந்தமாக உள்ளே நுழைந்தால்தான் கொள்ளை என்று கணக்கு. இந்த நிபந்தனை செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் அதன்படியே பொருள் கொள்ள வேண்டும், பலவந்தம் இல்லாத திருட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2004-ல் தீர்ப்பாயிற்று.

இதன் பொருள் என்ன? தொலைந்த சாவியால் ஒருவன் சத்தமில்லாமல் பூட்டைத் திறந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனால், பிரீமியம் கட்டியும் நாம் வெறும் கையோடு நிற்க வேண்டிவரலாம். உடைந்த பூட்டுக்கு இருக்கும் சாட்சி, திறந்த பூட்டுக்கு இல்லை. ஆகவே சாவி தொலைந்த அன்றே பூட்டு மாற வேண்டும். பத்திரத்தில் சாவியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முகவரிடம் கேட்டுப் படித்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

பேங்க் லாக்கர் சாவிக்கு வேறு விதி. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு லாக்கர் வழக்கில், ஆறு மாதத்துக்குள் எல்லா பேங்குகளுக்கும் பொதுவான விதிகளை வகுக்கும்படி ரிசர்வ் பேங்குக்குச் சொன்னது. அதன்படி அந்த ஆண்டு ஆகஸ்டில் சுற்றறிக்கை வந்து, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லாக்கர் சாவி தொலைந்தால் வாடிக்கையாளர் உடனே பேங்குக்குத் தெரிவிக்க வேண்டும். பின்னால் சாவி கிடைத்தால் ஒப்படைத்துவிடுவதாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். லாக்கரைத் திறக்கும் செலவு, பூட்டு மாற்றும் செலவு, புதுச் சாவிச் செலவு எல்லாம் நம்மைச் சேர்ந்தவை. செலவுக்குப் பயந்து தெரிவிக்காமல் இருப்பது, பத்து ரூபாய் மிச்சம் பிடித்துப் பத்தாயிரத்தை விடுகிற கதை.

பலர் கையில் இருந்தால் யார் கையில்?

சாவியைப் பலரிடம் கொடுத்தால் பத்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒடிசாவில் புரி ஜெகந்நாதர் கோயில் ரத்தின பண்டாரத்தின் கதையைப் பாருங்கள். அங்கே ஆபரணங்களை முழுமையாகக் கணக்கெடுத்தது 1978-ல். நாற்பது ஆண்டு கழித்து, 2018 ஏப்ரல் 4-ஆம் தேதி ஓர் ஆய்வுக் குழு பண்டாரத்துக்குள் போனது. உள் அறைக்குள் அவர்கள் நுழையவில்லை, வெளியிலிருந்தே விளக்கு அடித்துப் பார்த்துத் திரும்பினார்கள். உள் அறைச் சாவியே காணோம் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. மாநிலமே கொந்தளித்தது, நீதி விசாரணைக்கு உத்தரவாயிற்று. ஜூன் மாதம் கலெக்டர் அலுவலக ஆவண அறையில், மாற்றுச் சாவி என்று எழுதிய ஓர் உறை கிடைத்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 2024 ஜூலை 14-ஆம் தேதி உள் அறையைத் திறக்கப் போனபோது அந்த மாற்றுச் சாவிகள் பூட்டுக்குச் சேரவில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் பூட்டுகளை உடைத்துத்தான் திறந்தார்கள்.

அரசாங்கம், நிர்வாகம், கோயில் ஊழியர் என்று எத்தனையோ பேர் பொறுப்பில் இருந்த இடத்திலேயே இப்படி நடக்கிறது. இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. எந்தச் சாவி எந்தத் தேதியில் யாரிடம் போனது என்ற எழுத்து இல்லாவிட்டால், பத்துப் பேர் பொறுப்பு என்பதும் யாருமே பொறுப்பில்லை என்பதும் ஒன்றுதான். அடுத்தது, போட்டுத் திறந்து பார்க்காத மாற்றுச் சாவியை மாற்றுச் சாவி என்று நம்பக் கூடாது.

வேலையை ஒப்படைக்கும்போது சாவியையும் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு டைட்டானிக் கப்பலையும் சொல்வார்கள். 1912 ஏப்ரலில் அந்தக் கப்பல் புறப்படும் முன்பு, டேவிட் பிளேர் என்ற அதிகாரியைக் கடைசி நேரத்தில் இறக்கிவிட்டு வேறு ஒருவரை நியமித்தார்கள். தொலைநோக்கிகள் வைத்திருந்த பெட்டியின் சாவி என்று சொல்லப்படும் ஒரு சாவி அவர் பையிலேயே போய்விட்டது. கப்பல் உச்சியில் காவல் நின்ற ஃப்ரெடரிக் ஃப்ளீட் உயிர் பிழைத்தார். தொலைநோக்கி இருந்திருந்தால் பனிப்பாறையைச் சற்று முன்னதாகவே பார்த்திருப்போம் என்று விசாரணையில் சொன்னார். ஒரு சாவியால்தான் கப்பல் மூழ்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கடையை விட்டு ஓர் ஆள் விலகும்போது கணக்கைத் தீர்க்கிறோம், சம்பளத்தைத் தீர்க்கிறோம், சாவியைக் கேட்கிறோமா?

நம் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது

சிவன் கோயில்களில் அர்த்தஜாம பூஜை முடிந்து நடை சாத்தியபின், சாவியைப் பைரவர் சந்நிதியில் வைக்கும் வழக்கம் உண்டு. பக்தியோடு அதில் ஒரு நிர்வாகமும் இருக்கிறது. சாவிக்கு இரவில் ஓர் இடம், ஒரே இடம். எவருடைய மடியிலும் இடுப்பிலும் அது வீட்டுக்குப் போவதில்லை.

தில்லைக் கோயிலில் தேவார ஏடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த வரலாறும் நமக்குத் தெரிந்ததே. பாடிய மூவரும் வந்தால்தான் அறையைத் திறக்கலாம் என்றார்களாம். சோழ மன்னன் மூவரின் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான் என்று புராணம் சொல்கிறது. உள்ளே பார்த்தால் ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்ததாம். பலர் சேர்ந்தால்தான் திறக்கலாம் என்ற ஏற்பாடு நல்லதுதான். இன்றும் பேங்கில் பணப் பெட்டியை இரண்டு அதிகாரிகள் சேர்ந்துதான் திறக்கிறார்கள். ஆனால் பூட்டி வைத்ததே போதும் என்று யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே கதை சொல்கிறது.

கடைக்கு என்ன ஏற்பாடு?

எங்கள் மண்டியில் இப்போது உள்ள ஏற்பாட்டைச் சொல்கிறேன். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு சாவிக்கும் ஓர் எண். எந்தச் சாவி, எத்தனை பிரதி, யாரிடம், எந்தத் தேதி முதல் என்று எழுதி, வாங்குபவர் கையெழுத்துப் போடுகிறார். திருப்பிக் கொடுக்கும்போதும் கையெழுத்து. முதலாளியாகிய நானும் என் மகனும் அதே நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். முதலாளிக்கு விலக்கு கொடுத்தால் அந்த நோட்டுக்கு மதிப்பு இருக்காது. சாவியை மறந்து வைத்தது நான்தானே.

சாவிக் கொத்தில் கடைப் பெயரையும் முகவரியையும் எழுதித் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டோம். கண்டெடுப்பவன் நல்லவனானால் நன்மை. அல்லாதவனானால் இன்ன கதவைத் திற என்று நாமே வழி காட்டியதாகும். ஒரு போன் நம்பர் மட்டும் போதும்.

மாற்றுச் சாவிகளை மண்டியில் வைப்பதில்லை. ஓர் உறையில் போட்டு, மேலே கையெழுத்திட்டு ஒட்டி, சிதம்பரத்தில் மைத்துனர் வீட்டில் வைத்திருக்கிறோம். அவர்கள் கடைச் சாவி உறை எங்கள் வீட்டில் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலையும், 2015-ன் வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாம். கடையும் மாற்றுச் சாவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு முதல் நாள் உறைகளைப் பிரித்து, ஒவ்வொரு மாற்றுச் சாவியையும் போட்டுப் பூட்டித் திறந்து பார்க்கிறோம். பூட்டுக்கும் சாவிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அதோடு இந்தச் சோதனையையும் செய்துவிட்டால் புரியில் நடந்தது நம் கடையில் நடக்காது. கடல் காற்றில் பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும் ஊர் நம்முடையது. இறுகிப்போன பூட்டில் சாவியை மல்லுக்கட்டித் திருகி உள்ளேயே முறித்துக்கொள்பவர்களும் உண்டு. இறுக ஆரம்பித்த பூட்டை அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பூட்டு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. கைவேலையாகச் செய்யும் நல்ல பூட்டில் உள்ளே இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அளவு. சாவியின் பற்கள் அத்தனை லீவர்களையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். லீவர் அதிகமானால் வேறு சாவி சேருவது கடினம். மலிவுப் பூட்டுகளில் ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறந்துவிடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இந்தக் காலத்துக்கு இன்னும் ஒன்று. சாவியைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புவது வேண்டாம். தெளிவான படத்தைப் பார்த்தே சாவி வெட்டிவிட முடியும். நம்பர் பூட்டு போட்டவர்களுக்கு அந்த நம்பர்தான் சாவி. கணக்கு எழுதுபவரிடம் கொடுத்திருக்கும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் சாவிதான். ஆள் மாறினால் அதையும் அன்றே மாற்ற வேண்டும். மாற்றுவதை வழக்கமாக வைத்துக்கொண்டால், விலகிப் போகிறவருக்கும் அது அவமானமாகத் தோன்றாது. எல்லோருக்கும் செய்வதைத்தான் தனக்கும் செய்கிறார்கள் என்று மரியாதையோடு போவார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் பகுதியில் உள்ள ஒவ்வொரு வணிகர் சங்க அலுவலகத்திலும், கண்டெடுத்த சாவிகளைப் போட ஒரு பெட்டி வைக்க வேண்டும். கடைத்தெருவில் சாவியைக் கண்டெடுக்கும் கூலிக்காரரும், ஆட்டோக்காரரும், பூக்காரம்மாவும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மூலையில் வைத்துவிடுகிறார்கள். கொண்டுவந்து கொடுத்தால் நம்மையே சந்தேகிப்பார்களோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

சட்டம் கண்டெடுப்பவருக்கு மரியாதையே தருகிறது. கண்டெடுத்த பொருளை எடுத்து வைத்திருப்பவருக்கு, அடுத்தவர் பொருளை ஒப்படைப்பில் வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு கூறுகிறது. பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் ஆன செலவைத் தரும்வரை பொருளை வைத்திருக்கவும், உரியவர் இன்ன வெகுமதி என்று அறிவித்திருந்தால் அதைக் கேட்டுப் பெறவும் 168-ஆவது பிரிவு இடம் தருகிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைத்திருப்பது குற்றம் ஆகாது. உரியவர் யார் என்று தெரிந்தும் நேர்மையில்லாமல் தனக்கென்று வைத்துக்கொள்வதுதான் குற்றம். சங்கப் பெட்டியின் மேல் இதை இரண்டு வரியில் எழுதி வைத்தால், சாவியும் வந்து சேரும், கொண்டுவருபவருக்கும் தைரியம் வரும். கொண்டுவந்தவருக்கு ஒரு டீயும் ஒரு நன்றியும் நிச்சயம் உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

அதோடு, ஊரில் நாணயமான பூட்டுக்காரர்கள் யார் என்ற பட்டியலையும் சங்கம் வைத்திருக்கலாம். காலை ஆறரை மணிக்கு லாரி வாசலில் நிற்கும்போது, யாரைக் கூப்பிடுவது என்று அலையக் கூடாது.

"இவ்வளவும் ஒரு சாவிக்கா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டு நாற்பது ரூபாய். பூட்டு சில நூறு. ஆண்டுக்கு ஒரு நாள் அரை மணி நேரம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் கடையில் வேலை பார்க்கும் ஆட்களின் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்தப் பழைய கொத்து இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது திறக்கிற பூட்டு எதுவும் இப்போது கிடையாது. மண்டிக்கு ஒரு புதுப் பையன் வேலைக்குச் சேரும்போது என் மகனைக் கூப்பிட்டு அதை ஒரு தடவை காட்டுவேன். அவனுக்குக் கதை தெரியும். ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து, பையனுக்கு முன்னால் முதல் கையெழுத்தைத் தானே போடுவான்.